முதலில் நீங்கள்

பேராசிரியர் வீட்டு வாசலில் நின்று நான் வாங்கிய குளிரை மான்ட்ரியலில் வேறெங்கும் வாங்கியதில்லை. பஸ்ஸுக்கு நின்றபோதுகூட இல்லை. பஸ் எப்படியும் வந்துவிடும். இவர் வீட்டில் கதவு திறந்துதான் இருக்கும், நம்மால் உள்ளே போக முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுக் கச்சேரி என்று அழைப்பார். மெஹ்ஃபில் என்று சொல்ல வேண்டும், கச்சேரி என்றால் திருத்துவார். நாலைந்து குடும்பங்கள் ஒன்றாக வந்து சேரும். ஷெர்வானி போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். லேசாகக் குனிந்து, வலது கையைக் குவித்து நெற்றிவரை கொண்டு போய், "ஆதாப்" என்பார். ஆளுக்கு ஒரு ஆதாப். அப்புறம் உள்ளே கையைக் காட்டி "பஹலே ஆப்" என்பார். முதலில் நீங்கள் என்று அர்த்தம். லக்னோவில் அப்படித்தானாம். அதற்காக நாம் உடனே உள்ளே போய்விடக் கூடாது. "இல்லையில்லை, முதலில் நீங்கள்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் மறுபடி சொல்வார். மூன்றாவது தடவை மறுத்தால் மட்டும் அது மரியாதைக் குறைவு. இந்த விதிகளை எங்களுக்கெல்லாம் வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஜனவரி மாதத்தில், வெளிப்படிக்கட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். என் கணவர் மூக்குக் கண்ணாடியில் பனி மூடி, யாருக்கு வழிவிடுகிறோம் என்றே தெரியாமல் வழிவிட்டுக்கொண்டு நிற்பார்.

ஒருமுறை லாசாலிலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் எல்லோரையும் இடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "தெஹ்ஸீப் எல்லாருக்கும் வந்துடாது" என்றார் அவர், அவள் காதில் விழும்படியாக. குழந்தையின் மூக்கு செக்கச்செவேலென்று இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

தெஹ்ஸீப் என்ற இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே எனக்கு அதன் மேல் வெறுப்பு வந்துவிட்டது. பாவம், அது நல்ல சொல். பண்பு, பழகும் முறை, பேசும் முறை எல்லாம் அதில் அடங்கும். இந்துவும் முஸ்லிமும் காலங்காலமாகச் சேர்ந்து பாடி, சேர்ந்து உண்டு, ஒருவர் பண்டிகையில் மற்றவர் நின்று உண்டாக்கிய ஒரு பொதுவான நாகரிகம் நம்மிடம் இருக்கிறது என்று அவர் பேச ஆரம்பித்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். முதல் தடவை எனக்குக் கண்ணே கலங்கியது. அதற்குப் பிறகு அதே இடத்தில் அதே மாதிரி குரலைத் தாழ்த்தி அதே வாக்கியத்தைச் சொன்னபோது, கலங்கிய கண்ணுக்காக வெட்கப்பட்டேன்.

திருச்சிப் பக்கத்து மனிதர். டவுன்டவுனில் இருந்த பல்கலைக்கழகத்தில் கான்கிரீட் பற்றிப் பாடம் நடத்தினார். இளம் வயதில் லக்னோவில் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் சில வருஷம் இருந்திருக்கிறார். அங்கே ஒரு உஸ்தாதிடம் பாட்டுக் கற்றுக்கொண்டாராம். எவ்வளவு காலம் என்று கேட்டால் பதில் வராது, கை காது மடலுக்குப் போகும். வட இந்தியச் சங்கீதத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. குருவைப் பற்றிப் பேச்செடுத்தால் காதைத் தொட வேண்டும். அவரைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை என்று அர்த்தம். இந்துச் சீடனும் தொடுவான், முஸ்லிம் சீடனும் தொடுவான். அழகான வழக்கம். இவர் சாம்பார் சாதம் சாப்பிடும் கையாலேயே தொடுவார். காதோரம் ஒரு பருக்கையோடு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு ஒரு மனைவி இருந்தார். இப்படிச் சொல்வது ஒரு மாதிரியாக இருக்கிறது, ஆனால் அந்த வீட்டில் அந்த அம்மாள் இருந்தது அப்படித்தான். மெஹ்ஃபில் முழுக்கச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார். மடித்த பீடாவெல்லாம் ஒரு வெள்ளித் தட்டில் ஏறும். தட்டை எடுத்துக்கொண்டு போய், குனிந்து, நீட்டி, பெயர் வாங்குவது கணவர். நான் ஒருநாள் உதவிக்கு உட்கார்ந்து பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் தலை நிமிராமல் சொன்னார்:

"லக்னோல இவர் ஹாஸ்டல்ல இருந்தார்மா. மெஸ்ல சாப்பிட்டார். சட்டையை அவரே தோய்ச்சுக்கிட்டார். நவாப் ஆனதெல்லாம் இங்க வந்த அப்புறம்தான்."

அந்த வீட்டில் நான் கேட்ட உருப்படியான பேச்சு அது ஒன்றுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நான் அப்போது கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். சொந்த ஊர் நாகூர் பக்கம். இந்துக் குடும்பம்தான், ஆனாலும் என் தம்பிக்கு முதல் முடி இறக்கியது தர்காவில். அம்மா வேண்டிக்கொண்டாள், இறக்கினார்கள், சர்க்கரை வாங்கிப் பாத்தியா ஓதிக்கொண்டு வந்தார்கள். அதற்கு யாரும் ஒரு பெயர் வைக்கவில்லை. இவர் பேச்சைக் கேட்ட உற்சாகத்தில் ஒருநாள் இதை அவரிடம் சொன்னேன். அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார்.

"அது ஃபோக்" என்றார். "கிராமத்து ஜனங்க நம்பிக்கை. நான் சொல்றது கல்ச்சர்."

அவருடைய பொழுதுபோக்கு முஸ்லிம்களைத் திருத்துவது. ஹைதராபாத்துக்காரர் ஒருவரின் உருது உச்சரிப்பு சரியில்லை என்று அவரிடமே சொன்னார். எங்கள் தெரு முனையில் டெப்பனர் என்கிற சின்ன மளிகைக்கடை வைத்திருந்த வங்காளதேசத்துக்காரரிடம் பால் வாங்கப் போனால் உருதுவில் நலம் விசாரிப்பார். அந்த மனிதருக்கு உருது என்றாலே ஆகாது. அந்த மொழி பேசிய ராணுவம் அவர் ஊரை என்ன செய்தது என்று ஒருநாள் என்னிடம் சொல்லியிருக்கிறார். இவர் ஆதாப் சொன்னால் அவர் சில்லறையை எண்ணிக்கொண்டே பிரெஞ்சில் "போன்ஜூர்" என்பார். "இவங்களுக்கே இவங்க பெருமை தெரியல, பாருங்க" என்று வெளியே வந்து என்னிடம் வருத்தப்படுவார் இவர்.

அயோத்தியில் மசூதியை இடித்த அந்த டிசம்பரிலும் மெஹ்ஃபில் வைத்தார். வழக்கமாக வரும் லாகூர் டாக்டர் தம்பதி வரவில்லை. முன் வரிசையில் அவர்கள் உட்காரும் இரண்டு மெத்தைகள் காலியாகக் கிடந்தன. இடித்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, கலை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்றார். ஆனால் வராததைப் பற்றி மாலை முழுவதும் பேசினார். சொல்லி அனுப்பாமல் வராமலிருப்பது தெஹ்ஸீப் இல்லையாம்.

அந்த இரண்டு மெத்தைகளும் அடுத்த மாதமும் காலியாகவே கிடந்தன. அப்போதுதான் அவருக்கு எங்கள் கட்டடம் ஞாபகம் வந்தது. எனக்குப் போன் செய்தார்.

"உங்க பில்டிங்ல ஒரு முஸ்லிம் ஃபேமிலி இருக்காங்களாமே. அழைச்சுட்டு வாங்களேன்."

கீழ் வீட்டில் இருந்தவர் றஹீம். மனைவி பரீதா. யாழ்ப்பாணத்தில் தையல்கடை வைத்திருந்தவர். ஒருநாள் காலையில் துவக்கோடு வந்த ஆயுத இயக்கத்துக்காரர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். பொழுது சாய்வதற்குள் ஊர் முஸ்லிம்கள் எல்லோரும் போய்விட்டார்கள். போகிற வழியில் மறித்து, கையில் இருந்ததை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். பரீதாவின் தோடு போயிற்று. றஹீமின் கத்தரிக்கோலும் போயிற்று. தோட்டைவிடக் கத்தரிக்கோலைப் பற்றித்தான் அவர் அதிகம் சொல்வார். மான்ட்ரியலுக்கு வந்து ஒரு ஆடைத் தொழிற்சாலையில் காற்சட்டைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தார். அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. அது ஜெயித்தால் இங்கே இருக்கலாம். தோற்றால் திரும்பிப் போக வேண்டும், போவதற்கு ஊர் கிடையாது.

நான் கூப்பிட்டதும் இரண்டு பேரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்தார்கள். வாசலில் பேராசிரியர் காத்திருந்தார். எங்களுக்கெல்லாம் செய்ததைவிட ஆழமாகக் குனிந்து, கையை மூன்று தடவை நெற்றிக்குக் கொண்டு போய் றஹீமுக்கு ஆதாப் செய்தார். றஹீம் பதறிப்போனார். தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, தலையைத் தாழ்த்தி, "வணக்கம் ஐயா" என்றார்.

பேராசிரியரின் முகம் விழுந்துவிட்டது. உருதுவில் ஏதோ கேட்டார்.

"விளங்கேல்லை ஐயா. தமிழிலையே கதையுங்கோ."

"வீட்ல என்ன பேசுவீங்க?"

"தமிழ்தான் ஐயா."

"ஓ" என்றார். அவ்வளவுதான். முன் வரிசை மெத்தையில் உட்கார வைத்தார், ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. தட்டு மட்டும் வந்தது. "எடுத்துக்குங்க, பாய்" என்றார். பெயர் கேட்கவில்லை. நம் ஊரில் முஸ்லிம் என்றால் பாய், அதற்கு மேல் பெயர் எதற்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. பேராசிரியர் திருச்சிப் பக்கத்தை விட்டு வந்தபோது கொண்டு வந்த தெஹ்ஸீப் அதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். றஹீம் என்னவோ நெகிழ்ந்து போயிருந்தார்.

"எவ்வளவு பெரிய மனிசர் அக்கா. வாசலிலை வந்து நிண்டு, எங்கட முறையில மரியாதை செய்தவர். ஆர் இந்தக் காலத்திலை செய்யினம்?"

"நீங்க ஏன் வணக்கம் சொன்னீங்க?"

"அவர் எங்கட முறையில செய்தால் நான் அவையின்ர முறையிலதானே திருப்பிச் செய்யவேணும். வாப்பா அப்பிடித்தான் பழக்கினவர்."

கொஞ்ச நாளில் பேராசிரியருடைய ஷெர்வானி றஹீமிடம் வந்து சேர்ந்தது. இடுப்பில் பிடிக்கிறதாம். றஹீம் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை விட்டு, பழைய தையல் தெரியாமல் தைத்துக் கொடுத்தார். மனிதர் போட்டுப் பார்த்து, "நல்ல கை, பாய்" என்றார். கூலி கொடுத்தாரா என்று நான் கேட்டதற்கு றஹீம் சிரித்தார்.

அந்த வசந்தத்தில் றஹீமின் வழக்கு விசாரணைக்கு வந்தது. முதல் நாளே சிக்கல். விசாரித்த அதிகாரிக்கு இவர் முஸ்லிம்தானா என்றே சந்தேகம். ஊரைப் பற்றிச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். றஹீம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். கோயில் தேருக்குக் கட்டுகிற சிவப்புத் துணி வருஷா வருஷம் எங்கள் கடையில்தான் தைத்தது. தேர் வரும்போது கடையைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அடுத்த வீட்டு இந்து அம்மாவை மாமி என்று கூப்பிடுவோம், பெருநாளைக்கு அவர் வீட்டுக்குத் தனியாக மரக்கறிச் சமையல் செய்து கொடுத்து அனுப்புவோம். இதையெல்லாம் கேட்ட அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. முஸ்லிம் எப்படிக் கோயிலுக்குத் தைப்பான்? இந்துத் தமிழர் ஒருவர் முஸ்லிம் பெயரை வைத்துக்கொண்டு வந்து கதை சொல்லலாம் இல்லையா? ஓதச் சொன்னார்கள், ஓதினார். மனப்பாடம் செய்திருக்கலாம் என்றார்கள். அடையாள அட்டையெல்லாம் ஊரிலேயே போய்விட்டது.

வக்கீல் சொன்னார், நம் பக்கத்து மக்கள் இப்படிக் கலந்து வாழ்வது சகஜம்தான் என்று படித்த, மதிப்புள்ள ஒருவர் வந்து சொன்னால் போதும் என்று. ஊரிலிருந்து வந்த ஒருவரைக் கூப்பிட்டால் சொந்தக்காரர் என்பார்கள், வேறு யாராவது இருக்கிறார்களா?

றஹீமுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இந்து, முஸ்லிம், கலந்த வாழ்க்கை, மரியாதை, படிப்பு. இந்த ஊரில் அதற்கு ஒரே ஒருவர்தானே இருந்தார். வேண்டாம் என்று நான் சொன்னேன். காரணம் சொல்லத் தெரியவில்லை. "நீங்கள் அவரோட கோவம் அக்கா" என்றார் றஹீம்.

பேராசிரியர் உடனே ஒப்புக்கொண்டார். லீவு போட்டார். தன் பேச்சுகளையெல்லாம் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டார். ஷெர்வானியில் வந்தார், றஹீம் பிரித்துத் தைத்த அதே ஷெர்வானி.

துணைக்கு ஒருவர் உள்ளே இருக்கலாம் என்று என்னை உட்கார வைத்திருந்தார்கள். ஒரு நீள மேஜை, தண்ணீர் ஜாடி, மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துப் பையன். பேராசிரியர் எழுந்து ஆதாப் செய்தார். அதிகாரி குழம்பிப்போய்த் தலையசைத்தார். பிறகு இவர் ஆங்கிலத்தில் பேசினார். நன்றாகப் பேசினார், அதை மறுக்க முடியாது. அரசவைகள், உஸ்தாதுகள், இந்து ராஜா கட்டிய இமாம்பாடா என்ற முஹர்ரம் மண்டபம், ஹோலிக்கு வண்ணம் பூசிய நவாப். இரண்டு தடவை காதைத் தொட்டார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு வழக்குக்கு வந்தார். முஸ்லிம் தையல்காரர் கோயில் தேருக்குத் துணி தைப்பது, பக்கத்து வீட்டு இந்துப் பெண்ணை மாமி என்று கூப்பிடுவது, இதெல்லாம் நீங்கள் சொல்லும் கலப்புப் பண்பாட்டில் சேருமா?

வக்கீல் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டார். றஹீம் பேராசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

அவர் யோசித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கண்டிப்பாகச் சேராது என்று சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனால் நான் ஆராய்வது உயர்ந்த கலாசாரம். மொழி, கவிதை, இசை, சபை ஒழுக்கம். இவர் சொல்வது சாதாரணத் தமிழ் வாழ்க்கை. அதில் முஸ்லிம் அம்சம் என்று தனியாக நான் எதையும் காணவில்லை."

"இவரை உங்களுக்குத் தெரியுமா?"

"என் வீட்டுக்கு வந்திருக்கிறார். உருது தெரியாது. ஒரு முஸ்லிமுக்குச் செய்யும் முறையில் நான் இவருக்கு ஆதாப் செய்தேன். இவர்..." இங்கே சிறிது நிறுத்தி, மேஜைக்கு மேலே தன் இரண்டு கைகளையும் கூப்பிக் காட்டினார். "இப்படிச் செய்தார். இந்துக்கள் மாதிரி. உண்மையைச் சொல்வதென்றால் எனக்கே அன்று ஆச்சரியமாக இருந்தது."

அதிகாரி எழுதிக்கொண்டார். மொழிபெயர்க்கும் பையன் றஹீம் பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னான். கடைசி வாக்கியத்தை மட்டும் அவன் மிக மெதுவாகச் சொன்னான். றஹீம் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

வக்கீல் அதற்குப் பிறகு ஏதேதோ கேட்டு இழுத்துப் பார்த்தார். கேட்கக் கேட்க இவர் உயரே போனார். தன் அறிவுக்குக் களங்கம் வராமல் பார்த்துக்கொண்டார்.

வெளியே நடைபாதையில் நான் கேட்டேன். "சார், ஆமான்னு சொல்லியிருக்கலாமே."

"அம்மா, பொய் சொல்ல முடியாது. என் பேரு போட்டு ரெக்கார்டுல ஏறுது." பிறகு றஹீமைப் பார்த்து மென்மையாக, "தப்பா எடுத்துக்காதீங்க, பாய்" என்றார். லிஃப்ட் வந்தது. கதவு திறந்ததும் ஒதுங்கி நின்று, குனிந்து, கையை உள்ளே காட்டினார்.

"பஹலே ஆப்."

றஹீம் முதலில் போனார். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. றஹீம் முறை தவறி நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

பெருநாள் வந்தது. பரீதா முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலப்பம் செய்தாள். எங்களுக்கு ஒரு கிண்ணம், இன்னொன்று மூடி தனியாக இருந்தது. யாருக்கு என்று கேட்டேன்.

"அந்தாளுக்கு. இவர் கொண்டுபோகவேணுமாம். எங்களுக்காண்டி லீவு போட்டு வந்தவராம்." அவள் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். ஆமாம் என்பதற்கு அவர்கள் ஊரில் ஓம். "ஒரு ஓம் சொல்லியிருந்தால் காணும் அக்கா. ஒரேயொரு ஓம். நான் இதுக்கு ஏலக்காய் போடேல்லை. போட மனம் வரேல்லை."

றஹீம் பஸ் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "ருசி நல்லம், ஆனால் ஏலக்காய் காணாது எண்டவர்" என்றார். பரீதா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

தீர்ப்பு தபாலில் வந்தது. நம்பத்தகுந்ததாக இல்லை என்று எழுதியிருந்தார்கள். நிபுணரே அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று ஒரு பத்தி இருந்ததாக வக்கீல் சொன்னார். மேல் மனு போட்டுப் பார்த்தார்கள், எடுக்கவில்லை. முதல் பனி விழுவதற்கு முன்னால் இரண்டு பேரும் போய்விட்டார்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் அவர்கள் ஊர்ச்சனம் எல்லாம் இருந்தது, அங்கேதான் போனார்கள். விமான நிலையத்தில் பரீதா என்னைக் கட்டிக்கொண்டாள். றஹீம் என் கணவரைப் பார்த்துக் கை கூப்பினார். உடனே கையைப் பார்த்து, இறக்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டார். அந்த மனிதரிடமிருந்து பேராசிரியர் கடைசியில் பிடுங்கியது அதைத்தான். துவக்குக்காரர்கள்கூட அதை விட்டு வைத்திருந்தார்கள்.

நான் அதற்குப் பிறகு மெஹ்ஃபிலுக்குப் போகவில்லை. அடுத்த பிப்ரவரியில் என் கணவர்தான் இழுத்துக்கொண்டு போனார், ஊரிலிருந்து யாரோ நல்ல பாடகர் வந்திருக்கிறார் என்று. வாசலில் அதே ஷெர்வானி, அதே குனிதல். முன் வரிசை மெத்தைகளில் இப்போது வேறு யாரோ. பாட்டுக்கு முன்னால் அவர் பேச எழுந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம கலப்புப் பண்பாட்டுக்கு நான் ஒரு தடவை இந்த நாட்டு விசாரணை மன்றத்துலயே சாட்சி சொல்லியிருக்கேன். ஒரு அகதி கேஸ். அரை மணி நேரம் விளக்கினேன். அந்த அதிகாரி கடைசில எழுந்து வந்து கை கொடுத்தார். இதுவரைக்கும் இப்படி ஒருத்தர் எங்களுக்குச் சொன்னதில்லைன்னார்." சபை மெல்லக் கைதட்டியது. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஒரு டெய்லர். யாழ்ப்பாணத்து ஆள். நல்ல கை." என் பக்கம் திரும்பினார். "உங்க பில்டிங்தானே அம்மா? என்ன பேரு அவருக்கு?"

நான் எழுந்து கோட்டை எடுத்தேன். என் கணவர் என் புடவையைப் பிடித்தார், உதறினேன். வாசலுக்கு வந்து பூட்ஸை மாட்டினேன். விருந்தாளி பாதியில் கிளம்பினால் வீட்டுக்காரர் வழியனுப்ப வேண்டும், அது விதி. பீடாத் தட்டோடு பின்னாலேயே வந்துவிட்டார். என்ன அவசரம், உடம்புக்கு என்ன என்றெல்லாம் கேட்டார். கதவைத் திறந்துவிட்டார். குளிர் முகத்தில் அறைந்தது. குனிந்து, கையை வெளியே காட்டினார்.

"பஹலே ஆப்."

"இல்லை சார். முதலில் நீங்கள்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் அதைத் திருப்பிச் சொன்னதில்லை. பின்னால் கூடத்திலிருந்து ஒருவர் இருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"நஹீ, நஹீ. நீங்க விருந்தாளி. பஹலே ஆப்."

"நீங்க பெரியவர். முதலில் நீங்கள்."

மறுபடி ஒருமுறை அவர் சொன்னார், மறுபடி ஒருமுறை நான் சொன்னேன். இனி அவர் மறுத்தால் அது மூன்றாவது, மரியாதைக் குறைவு. அவர் வகுத்த விதி. சிரித்துக்கொண்டே, தலையை ஆட்டிக்கொண்டே, வெள்ளித் தட்டோடு, வெறும் காலுறையோடு வெளிப்படிக்கட்டில் இறங்கினார். அங்கே பனியில் நின்று என்னைப் பார்த்துத் திரும்பி, இன்னொரு ஆதாப் செய்யக் குனிந்தார்.

நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

 பிறகு தட்டினார். அப்போதும் மெதுவாக, மரியாதையாகத்தான் தட்டினார். கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்களே தவிர யாரும் அசையவில்லை. சமையலறையிலிருந்து அவர் மனைவி வந்தார். வெற்றிலை ஈரத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.  தாழ்ப்பாளில் கையை வைத்து, ஆனால் திறக்காமல், கதவுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டு போனார்.

"றஹீம்" என்றார். "கேட்டீங்களே. அவர் பேரு றஹீம். சம்சாரம் பேரு பரீதா."

வெளியே தட்டுவது நின்றது. அதற்குப் பிறகுதான் திறந்தார்.